சுமக்க லேசு, சுட்டால் இடி: வாசகர் கேள்வி பதில்

ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை (பூட்டுத் தண்டை) இழுத்துத் தள்ளும், எடை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்கள் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி அமெரிக்கா, கனடாவிலிருந்து, மீதி நம்மூரிலிருந்து. பதில் சொல்லக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். "எது நல்ல பிராண்ட், ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் வரும் அக்டோபரில் கொலராடோ மலையில் எல்க் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். கடையில் 2.7 கிலோ எடையில் கார்பன் ஃபைபர் ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டைப் பகுதி) போட்ட ரைஃபிள் ஒன்றைக் காட்டினார்கள், தோட்டா .300 வின்செஸ்டர் மேக்னம். "எல்குக்கு இதை விட்டால் வேறு கிடையாது" என்கிறார் கடைக்காரர். இதுவரை நான் சுட்டது சின்னத் தோட்டாவான .22 மட்டும்தான். வாங்கலாமா?
*வாசகர், டென்வர்*

வேண்டாம். ரைஃபிள் மோசம் என்று சொல்லவில்லை, தோட்டாவும் மோசமில்லை. மேக்னம் என்றால் அதே அளவுக் குண்டுக்குக் கூடுதல் மருந்து கொள்ளும் பெரிய தோட்டா. 1963-லிருந்து அந்தத் தோட்டாவால் விழுந்த எல்குக்குக் கணக்கே இருக்காது. ஆனால் .22-க்கு அடுத்த படியாக அதைத் தூக்கினால் நீங்கள் முதலில் கற்றுக்கொள்ளப்போவது பயப்படுவதைத்தான். முதல் தோட்டாவில் ஒன்றும் தெரியாது, ஆச்சரியமாக இருக்கும், சிரிப்பீர்கள். நாலாவது ஐந்தாவது தோட்டாவில் உடம்பு உஷாராகிவிடும். ட்ரிகர் விழுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கண் மூடும், தோள் முன்னால் போய் முட்டும், விரல் வெடுக்கென்று இழுக்கும். குண்டு இலக்குக்கு ஒரு அடி கீழே மண்ணில் போய்ச் செருகும். நீங்களோ ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த வியாதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பயிற்சி மைதானத்தில் ரைஃபிளை நண்பரிடம் கொடுத்து, மருந்தில்லாத போலித் தோட்டாவையும் நிஜத் தோட்டாவையும் கலந்து, எது உள்ளே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டா விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வரும். அந்த டிக்கில் பேரல் முனை அப்படியே நின்றால் நல்லது. குபுக்கென்று கீழே குத்தினால் ஆள் பயந்திருக்கிறார். மேக்னம் வைத்திருக்கும் பழைய ஆட்கள் பலருக்கும் குத்தும், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, எல்குக்கு என்னதான் வேண்டும்? கொலராடோ சட்டமே ஒரு கீழ் வரம்பு வைத்திருக்கிறது: குறைந்தது .24 அளவு ரைஃபிள், எல்குக்குக் குறைந்தது 85 கிரெயின் (ஐந்தரை கிராம்) எடையுள்ள விரிந்துகொடுக்கும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்ட் சக்தி. சாதாரண .308 எறியும் சக்தியே இதற்கு ரொம்ப மேலே. மேக்னம் இருந்தால்தான் எல்க் விழும் என்ற பேச்சு, குண்டுகள் மோசமாக இருந்த காலத்துப் பேச்சு. அப்போது ஈயக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறிவிடும், ஆழம் போகாது, அதனால் பெரிய தோட்டா தேவைப்பட்டது. ஜான் நாஸ்லர் என்பவர் 1940-களில், ஒரு மூஸ் தன் குண்டை வாங்கிக்கொண்டும் விழாத கடுப்பில், நடுவில் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி எடை குறையாமல் உள்ளே போகும். பிற்பாடு முழுச் செம்புக் குண்டுகளும் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, காண்டார் கழுகுகளைக் காப்பாற்ற. இந்தக் குண்டுகளை .308-இலோ .30-06-இலோ போட்டு, 250 கஜத்துக்குள் நெஞ்சறையில் வைத்தால் எல்க் தோட்டாவின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்காது, விழுந்துவிடும்.

"ஆனால் மேக்னம் நேர்கோட்டில் போகுமே" என்பார் கடைக்காரர். போகும். 200 கஜத்தில் சரியாகப் படும்படி வைத்துவிட்டு 180 கிரெயின் குண்டால் சுட்டால், 300 கஜத்தில் .300 மேக்னம் சுமார் 7 அங்குலம் இறங்கும், பழைய .30-06 சுமார் எட்டரை அங்குலம். எல்கின் நெஞ்சறை கிட்டத்தட்ட ஒரு அடி. ஒன்றரை அங்குல வித்தியாசத்துக்காகவா தோளைக் கொடுக்கிறீர்கள்? 400 கஜத்தில் 20-க்கு 24 என்று வித்தியாசம் கூடும், நிஜம்தான். ஆனால் .22 மட்டும் சுட்ட ஆள் முதல் வேட்டையிலேயே 400 கஜத்தில் ஒரு உயிரைக் குறிவைக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆக, .308 அல்லது .30-06 தோட்டாவில், ஸ்கோப்போடு மூன்றரை கிலோவுக்கு வரும் ரைஃபிள் ஒன்றை வாங்குங்கள். டிக்கா டி3எக்ஸ் லைட் மாதிரி ஒன்று ஸ்கோப் இல்லாமல் 2.9 கிலோவுக்கு வந்துவிடும். மிச்சப் பணத்துக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள். எல்க் இருக்கும் இடம் 3,000 மீட்டர் உயரம், அங்கே முதலில் தோற்பது மூச்சும் பாதமும்தான்.

அதே டென்வர் வாசகரின் பின்குறிப்பு: நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். ஏதாவது சிக்கல் உண்டா?

இதை முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும் சார்! உண்டு. அமெரிக்க மத்தியச் சட்டப்படி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வாங்கினால் மட்டும்தான் என்றில்லை, நண்பருடையதைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வதும் அதில் வரும். விலக்குகளில் ஒன்று: ஏதாவதொரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எவரும் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டையைக் காட்ட வேண்டும். ஆகவே முதலில் வகுப்பு, அப்புறம் உரிமம், அதற்கப்புறம்தான் கடை வாசல். உரிமம் காலாவதியான மறுநாள் அலமாரியில் ரைஃபிள் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையும் விசாவும் போகிற விஷயம், பத்திரிகைக்காரன் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

தோட்டா ஒன்றுதான், குண்டு ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். அப்படியிருக்க லேசான துப்பாக்கி மட்டும் ஏன் அதிகமாக உதைக்கிறது?
*கல்லூரி மாணவி, திருச்சி*

பரிசலிலிருந்து கரைக்குக் குதித்தால் பரிசல் எவ்வளவு தூரம் பின்னால் போகும், அதே ஆள் விசைப்படகிலிருந்து குதித்தால் எவ்வளவு போகும்? அதே கதைதான். உந்தம் இரண்டு பக்கமும் சமம். கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும்.

.300 வின்செஸ்டர் மேக்னத்தில் குண்டு 11.7 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 900 மீட்டர். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் உந்தம் 10.5. இத்தோடு முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுவார்கள். வெடிமருந்தை மறந்துவிட்டார்களே! நாலரை கிராம் மருந்து எரிந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாக முனையில் பீறிடுகிறது. அதை வினாடிக்கு 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 5.4. மொத்தம் கிட்டத்தட்ட 16. அதாவது உங்கள் தோளில் விழும் உதையில் மூன்றில் ஒரு பங்கு, இலக்குக்குப் போகாத வாயு கொடுப்பது. மேக்னம் தோட்டாவின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது: கொஞ்சம் கூடுதல் வேகத்துக்கு நிறையக் கூடுதல் மருந்து.

இந்தப் 16-ஐ ஸ்கோப்போடு 4.2 கிலோ இருக்கும் ரைஃபிளால் வகுத்தால் அது வினாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். உதையின் ஆற்றல் சுமார் 30 ஜூல். அதே தோட்டா 3.2 கிலோ ரைஃபிளில் என்றால் 5 மீட்டர், 40 ஜூல். ஒரு கிலோ குறைத்ததற்கு மூன்றில் ஒரு பங்கு உதை கூடியிருக்கிறது. .308-ஐ இதே 3.2 கிலோ ரைஃபிளில் போட்டால் சுமார் 22 ஜூல்தான். கனமான மேக்னத்தைவிட லேசான .308 மெத்தென்று இருப்பது இதனால்தான். ஜூல் மட்டுமே வலியைத் தீர்மானிக்காது. ஸ்டாக்கின் வடிவம், பின்னால் ஒட்டியிருக்கும் ரப்பர் மெத்தை எல்லாம் சேர்ந்ததுதான் வலி. ஆனால் வேகம் முக்கியம்: ஒரே ஜூல் மெதுவாக வந்தால் தள்ளு, வேகமாக வந்தால் குத்து.

பேரல் முனையில் 'மஸில் பிரேக்' போட்டால் உதை போய்விடும் என்கிறார்களே?
*வாசகர், டல்லஸ்*

பாதி போகும், காதும் போகும். பீறிடும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளைகள்தான் பிரேக். வாயு பங்கு அதிகமுள்ள மேக்னத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சத்தமும் பக்கவாட்டில் திரும்பி உங்கள் காதுக்கும் பக்கத்தில் படுத்திருப்பவர் காதுக்கும் வருகிறது. மைதானத்தில் காதடைப்பான் இருக்கும், மலையில் மான் எதிரே நிற்கும்போது யார் தேடிப் போடுவார்கள்? ஒரே ஒரு வெடிகூட நிரந்தரமாகக் காதைக் கெடுக்கலாம். நார்வே, ஃபின்லாந்து, நியூசிலாந்துக்காரர்கள் சத்தம் அடக்கியைச் சர்வசாதாரணமாக மாட்டிக்கொண்டு போகிறார்கள், உதையும் குறைகிறது, காதும் பிழைக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு, ஆனால் மத்திய அரசுப் பதிவு வேண்டும்.

மேக்னம் தோட்டாக்களின் அடியில் பெல்ட் போல ஒரு வளையம் இருக்கிறதே, அது கூடுதல் பலத்துக்காகவா?
*வாசகர், டொராண்டோ*

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், கம்பெனிக்காரர்களும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1912-ல் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது தோட்டாவின் உடம்பு நீளமாக, கூம்பாக, தோள் சரிவாக இருந்தது. வழுக்கிக்கொண்டு உள்ளே போவதற்கு அது நல்லது. ஆனால் அவ்வளவு சரிவான தோள் தோட்டாவை அறைக்குள் சரியான ஆழத்தில் பிடித்து நிறுத்தாது. நிறுத்துவதற்குத்தான் அந்த வளையம்.

அப்புறம் கதை சுவாரசியம். கலிஃபோர்னியாவில் ராய் வெதர்பி என்ற, இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த மனிதர், ஹாலண்ட் தோட்டாவின் உடம்பை உப்பவைத்து, தோளை வளைவாக்கி, இன்னும் மருந்து கொள்ளும்படி செய்தார். .300 வெதர்பி மேக்னம் 1944-ல் பிறந்தது, அடுத்த வருடம் சௌத் கேட்டில் கடை போட்டார். அவருடைய தோட்டாவில் நல்ல தோள் இருந்தது, வளையம் தேவையே இல்லை, ஆனால் தாய்த் தோட்டாவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 1950-களின் கடைசியில் வின்செஸ்டர் .458, .338, .264 என்று வரிசையாக வளையத்தோடு விட்டது. 1962-ல் ரெமிங்டனின் 7 மிமீ மேக்னம், 1963-ல் .300 வின்செஸ்டர், எல்லாவற்றிலும் வளையம். அதற்குள் ஜனங்கள் மனதில் வளையம் என்றால் சக்தி என்று பதிந்துவிட்டது, எடுத்தால் விற்காது என்ற நிலை.

2001 வாக்கில் வந்த .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னத்தில் வின்செஸ்டரும் தைரியமாக அதைத் தூக்கியது. குட்டையான, தடித்த தோட்டா, வளையம் கிடையாது, வேகம் ஏறக்குறைய பழைய .300 மேக்னம்தான். தோட்டா குட்டையானால் போல்ட் குட்டையாகும், ரிசீவர் (போல்ட் ஓடும் கூடு) குட்டையாகும், ரைஃபிள் லேசாகும். லேசான மலை ரைஃபிளில் மேக்னம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு நான் காட்டும் தோட்டா இது. ஒரே குறை, தடியாக இருப்பதால் மேகசினில் மூன்றுதான் கொள்ளும், சில ரைஃபிள்களில் போல்ட்டைத் தள்ளும்போது முனகும். வாங்கும் முன் போலித் தோட்டா போட்டு மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை தள்ளிப் பாருங்கள். இப்போது புதிதாக வரும் 6.5 பிஆர்சி, 7 பிஆர்சி தோட்டாக்கள் எதிலும் வளையம் இல்லை.

இரண்டேகால் கிலோ ரைஃபிள் என்றெல்லாம் விளம்பரம் பார்க்கிறேன். எங்கேதான் எடையைக் குறைக்கிறார்கள்?
*வாசகர், சான் ஹோசே*

ஸ்டாக்கில் கொஞ்சம், ரிசீவரில் கொஞ்சம், பேரலில் நிறைய. 1980-களில் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் கெவ்லாரும் கார்பனும் கலந்த ஸ்டாக் செய்து, தோட்டாவின் அளவுக்கே ரிசீவரைச் சுருக்கி, துல்லியம் போகாமல் இரண்டே கால் கிலோ பக்கம் கொண்டுவந்தார். இன்று பெரிய கம்பெனிகள் செய்வதில் பெரும்பகுதி அவர் போட்ட பாதை. போல்ட்டில் பள்ளம் வெட்டுவது, பிடியில் துளை போடுவது, டைட்டானியம் ரிசீவர் எல்லாம் கிராம் கணக்கில் சுரண்டும் வேலை.

பேரலில் கைவைத்தால்தான் விலை கொடுக்க வேண்டும். மெல்லிய பேரல் சீக்கிரம் சூடாகும், மேக்னத்தில் இன்னும் சீக்கிரம். மூன்று தோட்டாவுக்கு மேல் விடாமல் சுட்டால் குண்டுகள் மெல்ல நகர ஆரம்பிக்கும். வேட்டையில் இது குறையே இல்லை, அங்கே முதல் குண்டு, குளிர்ந்த பேரல், அவ்வளவுதான். மைதானத்தில் பத்துத் தோட்டா தொடர்ந்து சுட்டுவிட்டு "துல்லியம் இல்லை" என்று புலம்புவது ரைஃபிளின் குற்றமா? நீளத்தைக் குறைத்தாலும் எடை போகும், ஆனால் மேக்னத்தின் வேகம் நீண்ட பேரலில்தான் கிடைக்கும். வெட்டிவிட்டால் மிச்ச மருந்து வெளியே வெளிச்சமும் சத்தமுமாகத்தான் போகும்.

அரை கிலோ குறைக்க ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அதன் தலையில் ஒரு கிலோ ஸ்கோப்பை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். இடுப்பில் சுமக்கும் பத்துக் கிலோவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நியூசிலாந்தில் வரையாட்டைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். நம் மாநில விலங்கை அவர்கள் எப்படிச் சுடலாம்? மனசு கொதிக்கிறது.
*வாசகர், வால்பாறை*

கொதிக்க வேண்டாம், அது நம் வரையாடு இல்லை. இமயமலைத் தார் என்ற காட்டு ஆடு. 1904-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் பிரபு தன் வோபர்ன் பண்ணையிலிருந்து சிலவற்றை அனுப்பிவைக்க, மவுண்ட் குக் அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். வெளவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே இல்லாத தீவு அது. தின்னப் பழகாத செடிகள், பிடிக்க ஒரு சிறுத்தைகூட இல்லை. பெருகிவிட்டது. 1993-ல் அரசு போட்ட திட்டப்படி 10,000-க்கு மேல் போகக் கூடாது. அதனால் ஹெலிகாப்டரிலிருந்தும் சுடுகிறார்கள், நடந்து போகும் வேட்டைக்காரர்களும் சுடுகிறார்கள். எத்தனை சுடுவது என்பதில் அரசுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் 2020-ல் நீதிமன்றம் வரை சண்டை போனது. "நிறையச் சுடாதே" என்று கேட்டவர்கள் வேட்டைக்காரர்கள்!

நம் வரையாட்டையும் அதையும் ஒரே பேரினமாகத்தான் வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணு பார்த்துப் பிரித்தார்கள், நம்முடையது செம்மறிக்குக் கிட்டத்துச் சொந்தம். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் இதை 'ஐபெக்ஸ்' என்று தப்பான பெயரில் சுட்டுத் தீர்த்து, தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் 1877-ல் அவர்களே வேட்டைச் சங்கம் வைத்துக் கட்டுப்பாடும் போட்டார்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, இதன்மேல் யாரும் கை வைக்க முடியாது.

நீங்கள் பார்த்த வீடியோவில் ஆள் தோளில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்த ரக ரைஃபிளாகத்தான் இருக்கும். செங்குத்துச் சரிவு, கல்லும் பனியும், ஒரு பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சுட வேண்டும். லேசான ரைஃபிளும் வேகமான தோட்டாவும் சேர்ந்து அர்த்தப்படும் இடம் உலகத்தில் உண்டென்றால் அது அங்கேதான். அங்கேயும் 7 மிமீ-08, .308 வைத்துக்கொண்டு காரியத்தை முடிப்பவர்கள் ஏராளம். 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலைக்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தார்கள், போல்ட் ஆக்‌ஷனை விட்டுவைத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைப் பாழாக்குகிறது. இப்படி ஒரு ரைஃபிள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? பக்கத்தில் பாலக்காட்டில் சுடுகிறார்களே.
*விவசாயி, கோவை*

கூடாது. கேரளாவில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் மூலம் அனுமதி கொடுத்து, உரிமம் உள்ளவர் சுடும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே அப்படியில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுடலாம் என்று 2025-ல் வந்த அரசாணைகூட, சுடுவது வனத்துறை ஆட்கள் என்றுதான் சொல்கிறது. ஊராட்சி வழியாக வனச்சரகருக்கு மனுக் கொடுங்கள். அப்புறம் ஒன்று, மேக்னம் குண்டு குறி தவறினால் நாலைந்து கிலோமீட்டர் போகும். உங்கள் மக்காச்சோளத்துக்கு அப்பால் யார் வீடு?

ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் எல்லாம் மேக்னம்தானா வைத்திருந்தார்கள்?
*வாசகர், ஓசூர்*

ஆண்டர்சன் உங்கள் ஊர்ப் பக்கத்துக் காடுகளில் தூக்கித் திரிந்தது .405 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷனே இல்லை, கீழே லீவரை இழுத்துத் தள்ளும் ரகம். கார்பெட்டுக்கு சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-ல் பரிசாக வந்தது .275 ரிக்பி, போல்ட் ஆக்‌ஷன், லேசானது, உதை குறைவு. அது 7 மிமீ மவுசர் தோட்டாவின் ஆங்கிலப் பெயர், மேக்னத்துக்கு ரொம்பக் கீழே. யானை வேட்டைக்காரர் 'கரமோஜோ' பெல் ஆப்பிரிக்காவில் அதே தோட்டாவால் யானைகளையே வீழ்த்தியவர், மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே என்று படித்துக்கொண்டு போனார்.

ரைஃபிள் வாங்கியாகிவிட்டது, .300 மேக்னம்தான், உங்கள் கட்டுரை லேட்டாக வந்தது. இப்போது என்ன செய்ய?
*வாசகர், சியாட்டில்*

ஸ்கோப்பைக் கழற்றி முன்னால் தள்ளி மாட்டுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது மூன்றரை அங்குலம், முடிந்தால் நாலு. மேல்நோக்கிய சரிவில் படுத்துச் சுடும்போது தலை தானாக முன்னால் போகும், அப்போதுதான் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டும், தையல் போட வேண்டிவரும். பயிற்சியை .22-இலும், தோட்டா போடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்தும் செய்யுங்கள், மேக்னத்தை ஒரு நாளைக்கு அரை டஜனோடு நிறுத்துங்கள். மேசையில் சாய்ந்து சுடாமல் நின்றோ உட்கார்ந்தோ சுட்டால் உடம்பு உதையோடு பின்னால் போகும், வலி குறையும். கடையில் மருந்து குறைத்துக் கட்டிய தோட்டா கிடைத்தால் அதில் ஆரம்பியுங்கள். அப்படியும் போலித் தோட்டாவில் பேரல் குத்தினால் விற்றுவிட்டு .30-06 வாங்குங்கள், .300 மேக்னத்துக்கு செகண்ட் ஹேண்டில் எப்போதும் ஆள் இருக்கிறது.